சீமெந்துப் பை யானைக்குட்டி: முள்ளியவளையில் ஒட்டுப்படம் செய்விக்க நினைப்பவர்களுக்கு

பிள்ளைகளின் கதைக்குப் படம் வேணும், ஆனால் இணையத்தில் இருந்து இறக்கின கரடியும் பனிமனிதனும் வேண்டாம் என்று நினைக்கிற ஆட்கள் வன்னியில் என்னைத் தவிர இன்னும் சிலர் இருப்பீர்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில், முள்ளியவளைப் பக்கம் ஒரு பிள்ளை இருக்கிறா. வெட்டின கடதாசி, கிழித்த கடதாசி, துணி, ஓலை, சாக்கு என்று கையில் அகப்பட்டதை எல்லாம் ஒட்டிப் படம் செய்து தாறா. கதைக்குள் வாற ஆட்களையும் மிருகங்களையும் அவவே யோசித்து உருவாக்குவா. பெயரை இங்கே போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டவ. போட்டால் கலியாண வீட்டு மணவறைக்குப் பின்னால் ஒட்டுகிற எழுத்து வெட்டித் தரச்சொல்லி ஆட்கள் வரிசையில் நிற்பினமாம். அந்த வேலையை விட்டுத்தான் இதற்கு வந்தவ.

நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். மூன்று வயதில் இருந்து ஐந்து வயது வரையான பிள்ளைகள். எங்கள் வாசிப்பு மூலையில் கிடக்கிற புத்தகங்களில் கனக்க அன்பளிப்பாக வந்தவை. கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை, அந்த நேரம் அதுவும் இல்லாமல் இருந்தோம். ஆனால் அந்தப் புத்தகங்களில் வீட்டுக் கூரையில் புகைபோக்கி இருக்கும், வேலி வெள்ளைப் பலகையாக இருக்கும், யானை வந்தால் தும்பிக்கையில் பந்து சுழற்றிக்கொண்டு வரும். எங்கட பிள்ளைகளுக்கு யானை என்றால் இரவில் வாழை முறிகிற சத்தம், அப்பா எழும்பிப்போய்க் கொளுத்துகிற யானை வெடி, விடிய முற்றத்தில் கிடக்கிற வட்டக் கால்தடம். பந்து சுழற்றுகிற யானையைக் காட்டினால் "இது பொய் யானை ரீச்சர்" என்று மூன்று வயதுப் பிள்ளை சொல்லும்.

அதனால் கதையைத் தாய்மாரோடு சேர்ந்து நாங்களே எழுதினோம். சின்னக் கதை. கூட்டத்தை விட்டுப் பிரிந்த யானைக்குட்டி ஒன்று வயலுக்குள் இறங்குகிறது. வெடிச் சத்தத்துக்கு வெருண்டு ஓடி குளக்கட்டுக்குப் பக்கத்தில் ஒளிக்கிறது. பாலைப்பழம் பொறுக்க வந்த ஒரு சிறுமி அதைக் காண்கிறாள். குட்டிக்குப் பெயர் உருளன். 12 படம் வேணும் என்று கேட்டோம்.

கதைத்தாளைக் கொடுத்தால் வாங்கி மேசையில் வைத்துவிட்டு "நாளைக்கு உங்கட பள்ளிக்கூடத்துக்கு வரட்டோ?" என்று கேட்டா. வந்து பாயில் பிள்ளைகளோடு இருந்து, ஆளாளுக்கு யானை நடக்கிற மாதிரி நடந்து காட்டச் சொன்னா. எல்லாப் பிள்ளைகளும் கையைத் தும்பிக்கையாக்கித்தான் நடந்தார்கள். ஆனால் பயந்த யானை எப்படி நிற்கும் என்று கேட்டதும் கையை உள்ளே இழுத்து நெஞ்சோடு சுருட்டினார்கள். அதைக் கொப்பியில் கீறிக்கொண்டு போனா. படம் வந்தபோது, வெடிக்குப் பிறகு வாற பக்கத்தில் உருளனின் தும்பிக்கை அப்படியே உள்ளே சுருண்டு இருந்தது.

உருளனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேணும், காசு கொடுத்ததில் பாதி அதற்கே செரித்துப் போச்சு. குட்டியின் தோல் சீமெந்துப் பை. கடதாசிப் பையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல மடிப்பு இருக்கும். அச்சடித்த வெளித்தாளை எடுத்துவிட்டு, உள்தாளைப் பல தண்ணீரில் அலசி, சீமெந்துத் தூள் முற்றாகப் போன பிறகு கசக்கிப் பிழிந்து நிழலில் காயவிடுகிறா. கசங்கின இடங்களில் கடதாசியின் நார் உடைந்திருக்கும். அதன் மேல் கரித்தூளைத் துணியால் தேய்த்தால் உடைந்த கோடுகள் மட்டும் கறுப்பைக் குடிக்கும், மற்ற இடம் மண்ணிறமாகவே நிற்கும். அந்தத் தோலைப் பென்சிலாலோ வர்ணத்தாலோ செய்ய ஏலாது. இப்போது பிளாஸ்ரிக் இழைப் பைகள் கூடிவிட்டதால் கடதாசிப் பைக்காக மேசன்மாரிடம் சொல்லிவைத்துத்தான் எடுக்கிறாவாம். குட்டியின் பின்னங்கால் பாதத்தில் பையின் சிவப்பு அச்செழுத்தில் ஒரு துண்டு தெரிகிறது. தவறிப்போய் வந்தது என்று நினைத்தேன், எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கிறது. "அப்பாவின்ர சீமெந்து!" என்று கத்தின பிள்ளைக்கு அதுதான் அடையாளம்.

உடம்பு எங்கட காட்டு யானையின் உடம்பு. தலையில் இரண்டு மேடு, முதுகு வளைந்து உயர்ந்தது, காது சின்னது. தந்தம் கிடையாது. இலங்கையில் ஆண் யானைகளிலும் தந்தம் உள்ளது அபூர்வம். வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து வரைகிறவர்கள் பெரிய விசிறிக் காதும் நீட்டின தந்தமும் வைத்து ஆபிரிக்க யானையை இரணைமடுவுக்குக் கொண்டு வந்து விடுவார்கள். இவ விடவில்லை. என்னோடு வந்த ஒரு தாய் "சின்னத் தந்தம் ஒண்டு வைச்சா வடிவெல்லோ" என்று கேட்டதற்கு, "வடிவுதான் அக்கா, ஆனா உங்கட வாழையை முறிச்சதுக்குத் தந்தம் இருந்ததோ?" என்றா. தாய் சிரித்துவிட்டா.

முகத்தில் வாய் இல்லை. கண் ஒரு கறுப்பு வட்டம், அவ்வளவுதான். தும்பிக்கை நாலு துண்டு, காது தனித் துண்டு. இவற்றுக்கெல்லாம் மட்டையில் அச்சு வெட்டி பிஸ்கட் ரின்னுக்குள் வைத்திருக்கிறா. ஒவ்வொரு படத்துக்கும் அதே அச்சில் புதிதாக வெட்டி, ஒட்டாமல் சுவரில் ஊசியால் குத்தி, துண்டுகளை அசைத்து அசைத்துப் பார்ப்பா. தும்பிக்கையின் கடைசித் துண்டை ஒரு விரலளவு தூக்கினால் குட்டி எதையோ மணக்கிறது. காதைத் தலையை விட்டு விலக்கினால் வெருண்டு நிற்கிறது. இப்படிச் சுவரில் குத்திவைத்து மாற்றிப் பார்க்கிற முறையைப் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸிடம் பார்த்ததாகச் சொன்னா. அவர் 1941 இல் பெரிய சத்திரசிகிச்சை ஒன்றுக்குப் பிறகு முன்னைப்போல நின்று தீட்ட முடியாமல், உதவியாளர்கள் வர்ணம் பூசிக் கொடுத்த தாளைக் கத்தரிக்கோலால் வெட்ட, அவர்கள் அதைச் சுவரில் குத்திக் குத்தி இடம் மாற்றினார்களாம். தொலைபேசியில் படமும் காட்டினா. கட்டிலில் கிழவர், கையில் கத்தரிக்கோல், நிலமெல்லாம் வெட்டுத்துண்டு. அவவின் அறையும் கிட்டத்தட்ட அப்படித்தான் கிடந்தது, கட்டில் மட்டும் இல்லை.

ஆனால் கைப்பழக்கம் மத்தீஸிடம் வந்ததல்ல. வீட்டில் பெரியவர்கள் கூத்துக்கு உடுப்பும் கிரீடமும் செய்தவர்கள். முள்ளியவளையின் கோவலன் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிரீடத்தில் ஒட்டுகிற மினுக்கம் பின்வரிசையில் பாயில் இருக்கிற ஆச்சிக்கும் தெரியவேணும். இவவின் படங்களிலும் அந்தப் புத்தி இருக்கிறது. முன்பள்ளியில் புத்தகத்தை நான் தூக்கிப் பிடிப்பேன், பிள்ளைகள் அரைவட்டமாக இருப்பார்கள். கடைசியில் இருக்கிற பிள்ளைக்கும் உருளன் எங்கே, எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று தெரிகிறது. நுணுக்கமாக வரைந்த எத்தனையோ நல்ல புத்தகம் இந்த இடத்தில் தோற்றுப்போகும்.

வெடிப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் கொடுத்த காசுக்கு மேலே வேலை நடந்திருக்கிறது என்று விளங்கியது. அந்தப் பக்கத்தில் கத்தரிக்கோல் படவே இல்லை, எல்லாம் கையால் கிழித்தது. நிறத்தாளைத் தன் பக்கமாக இழுத்துக் கிழித்தால் கையில் வருகிற துண்டின் ஓரத்தில் உள்ளிருக்கிற வெள்ளை தெரியும், மற்றப் பக்கமாகக் கிழித்தால் வெள்ளை மறைந்துவிடும். வெடியின் நடுவில் செம்மஞ்சள் துண்டுகள் எல்லாவற்றுக்கும் வெள்ளை ஓரம், வெளியே போகப் போக ஓரமில்லாத கறுநீலம். வெடியைக் கிட்ட நின்று பார்த்த கண்ணுக்கு அது அப்படித்தான் தெரியும். "டமார்" என்று எழுத இடம் விட்டிருந்தா. நாங்கள் எழுதவில்லை. பக்கத்தைத் திருப்பினவுடன் பிள்ளைகளே கத்துகிறார்கள்.

இனிக் குறைகள். மனித முகம் அவவுக்கு இன்னும் பிடிபடவில்லை. சிறுமியின் முகத்துக்குக் கடதாசியைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து நிறம் ஏற்றியிருக்கிறா. யோசனை அருமை. வர்ணப் பென்சில் பெட்டியில் இளஞ்சிவப்புப் பென்சிலைத் தூக்கி "இது தோல் நிறம்" என்று பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்த எனக்கு, அந்த மண்ணிற முகத்தைப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது. ஆனால் சாயம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் ஏறாது. மூன்றாம் படத்தில் வெளிறி, ஏழாம் படத்தில் கறுத்து, பத்தாம் படத்தில் நடுவில் நிற்கிறது. கூடவே ஏழாம் படத்தில் நெற்றி உயர்ந்துவிட்டது. "இது அவளின்ர அக்காவோ?" என்று ஒரு பிள்ளை கேட்டது. உருளனுக்கு வெட்டின அச்சு மாதிரி சிறுமிக்கும் ஒன்று வெட்டி, முழுப் புத்தகத்துக்கும் தேவையான தாளை ஒரே பானையில் தோய்த்து வைத்திருந்தால் இந்தக் கதை வந்திராது. கைவிரலும் சரியில்லை, முள்ளுக்கரண்டி போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆட்கள் மட்டும் வாற கதை என்றால் இப்போதைக்கு நான் அவவிடம் கொண்டுபோக மாட்டேன். மிருகம், பறவை, மரம், குளம் வாற கதை என்றால் வேறு ஆளைத் தேடவும் மாட்டேன்.

இன்னொன்று, இது அழகு பற்றிய முறைப்பாடு இல்லை. கதையில் ஒரு மந்தி வரும். முதல் தந்த மாதிரியில் அதன் கண்ணுக்குக் குன்றிமணி ஒட்டியிருந்தா. பிள்ளையார் பிடித்துக் குன்றிமணிக் கண் வைத்த பழக்கம் எங்கள் எல்லாருக்கும் உண்டு, பார்க்கவும் உயிரோடு இருந்தது. ஆனால் குன்றிமணி நஞ்சு. முழுதாக விழுங்கினால் சிலவேளை தப்பலாம், கடித்து உடைத்தால் ஆபத்து. எங்கள் பிள்ளைகள் எதையும் முதலில் வாயில்தான் வைத்துப் பார்ப்பார்கள். சொன்னவுடன் முகம் சுளிக்காமல் கழற்றி, கறுப்புக் கடதாசி வட்டம் ஒட்டித் தந்தா. பிள்ளைகள் தொடுகிற படம் செய்விக்கிறவர்கள் என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பசையைப் பற்றியும் கேட்டேன். கோதுமை மாப் பசையில் பூச்சி வராமல் இருக்கப் புத்தகம் கட்டுகிறவர்கள் மயில்துத்தம் போடுகிற வழக்கம் உண்டு, அதுவும் நஞ்சு. அவ பைண்டர் கம் தவிர வேறொன்றும் பாவிப்பதில்லை என்றா.

ஒன்பதாம் படம் குளம். அதைப் பற்றி எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். முதல் தந்ததில் தண்ணீர் முழுக்க நீலத் தறப்பாள், பழையது, வெயிலில் வெளிறினது, மடிப்பு விழுந்த இடமெல்லாம் அலையாக நின்றது. பிள்ளைகள் ஓடிப்போய்த் தடவினார்கள். ஒரு தாய் மட்டும் கிட்ட வராமல் நின்று "ரீச்சர், இது குளமோ முகாமோ?" என்று கேட்டா. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு தறப்பாள்தான் எங்களுக்குக் கூரை, கதவு, கிணற்றடி மறைப்பு எல்லாம். பிறகு நெல் காயப்போட, விறகு மூட என்று இறங்கி வந்து இப்போதும் எல்லார் வீட்டுக் கோடியிலும் ஒரு கிழிசல் கிடக்கும். தாய் சொன்னதை அப்படியே போய்ச் சொன்னேன். "பிள்ளையளுக்கு அது குளம்தானே ரீச்சர். பெரியாக்களுக்கு ரெண்டும் தெரியட்டும்" என்றா. எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. பிழை என்று சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் ஸ்கானர்தான் தீர்ப்புச் சொன்னது. பிளாஸ்ரிக்கின் மினுக்கத்தில் வெளிச்சம் தெறித்து, குளம் முழுக்க வெள்ளைப் பட்டி பட்டியாக விழுந்துவிட்டது. அச்சுக்கு வர்ணம் பூசின தாளில் வேறு குளம் செய்து தந்தா. அது அடக்கமான குளம், வாற தாய்மாருக்கு ஒரு வில்லங்கமும் இல்லை. தறப்பாள் குளத்தை எங்கள் முன்பள்ளிச் சுவரில் கொழுவியிருக்கிறேன். இரண்டில் எது நல்ல படம் என்று கேட்டால் சுவரில் இருப்பது.

அச்சு வேலை அவவின் பொறுப்பு இல்லை, ஆனால் இந்தப் படங்களை அச்சடிக்கிறதில் உள்ள சிக்கலைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அவ ஏ3 அளவில் செய்கிறா. நாங்கள் போன கடையில் ஏ4 ஸ்கானர்தான் இருந்தது. பாதி பாதியாக ஸ்கான் பண்ணிப் பொருத்தினால் நடுவில் கோடு தெரியும். தடித்த துண்டுகள் கண்ணாடியில் அமராமல் மங்கும். கடைசியில் முகில் மூடின ஒரு காலையில் படங்களை வெளியே எடுத்து, நிழலில் தட்டையாக வைத்து, நல்ல கமராவால் மேலிருந்து எடுத்துத்தான் சரிவந்தது. அப்போது துண்டுகளின் ஓரத்தில் மெல்லிய நிழலும் விழுந்து, ஒட்டின படம் என்பது கடதாசியிலும் தெரிந்தது. செம்மஞ்சள் மட்டும் அச்சில் செத்துவிட்டது. நாலு மை கலந்து அச்சடிக்கிற முறையில் அந்த நிறம் அப்படித்தான் மங்கும் என்கிறார்கள். வெடிப் பக்கத்துக்கு அது நட்டம். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக வரவேணும் என்பதையும் முதலே கணக்குப் பாருங்கள். எங்களுக்கு 12 படம், முன்னும் பின்னும் சேர்த்து 16 பக்கம்.

விலை. ஒரு படம் 4,000 ரூபா. பாத்திரம் உருவாக்குவதற்கு ஆளுக்கு 6,000 ரூபா தனி. எங்களுக்கு உருளனும் சிறுமியும், மந்திக்குக் காசு எடுக்கவில்லை. மொத்தம் 60,000 ரூபா, பாதி முற்பணம். முன்பள்ளிக்கு இது பெரிய காசு. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் பாதி தந்தார், மிச்சம் தாய்மார் காலபோக நெல் அறுவடை முடிந்த கையோடு சேர்த்தது. கணினியில் ஆயத்தப் படங்களை வெட்டி ஒட்டித் தருகிறவர்கள் இதில் காற்பங்குக்குச் செய்வார்கள், ஒரு கிழமையில் தருவார்கள். அதைத்தான் இவ்வளவு காலமும் வாங்கிக்கொண்டிருந்தோம். திருத்தம் படத்துக்கு இரண்டு முறை இலவசம், அதற்கு மேல் காசு. மூலப்படங்கள் எங்களுக்கு. உருளனை வேறு கதையில் பாவிக்கிற உரிமை அவவுக்கும் உண்டு, எங்களைக் கேட்டுச் செய்வதாக வட்ஸ்அப்பில் எழுதி வைத்திருக்கிறோம். இந்தப் பேச்சை முற்பணம் கொடுக்க முதலே பேசிவிடுங்கள், பிறகு பேசினால் மனக்கசப்பு.

நேரத்துக்கு வேலை முடிக்கிற ஆள் என்று சொல்ல ஏலாது. வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு முன்னம் தருவதாகச் சொல்லி, பொங்கல் கழிந்து வெகுநாளைக்குப் பிறகுதான் கடைசி மூன்று படமும் வந்தன. அதில் அவவை மட்டும் பிழை சொல்லவும் ஏலாது. அந்தப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து அதில் விளக்கெரியத் தொடங்கிவிட்டால் முள்ளியவளையில் வேறொரு வேலையும் நடக்காது, அது தெரிந்துகொண்டே நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். ஆனால் பிந்தும் என்று ஒரு சொல் எடுத்துச் சொல்லியிருக்கலாம். போன் எடுத்தால் ஆள் எடுக்கமாட்டா, பின்னேரம் "பசை கையில ரீச்சர்" என்று ஒரு குரல்பதிவு வரும்.

ஐப்பசிக்குப் பிறகு ஓடர் எடுக்கமாட்டா. மாரியில் கடதாசி ஈரம் குடிக்கும், பசை காயாது, காய்ந்தாலும் படம் வளைந்துவிடும். தைக்குப் புத்தகம் கையில் வேணும் என்றால் ஆடிக்குள் கதையைக் கொண்டு போங்கோ. எழுதிக்கொண்டு போனால் மட்டும் காணாது, இருந்து வாசித்துக் காட்டச் சொல்லுவா, அதுக்கும் நேரம் வைத்துக்கொண்டு போங்கோ. வீட்டில் சீமெந்துக் கடதாசிப் பை கிடந்தால் அதையும் கட்டிக்கொண்டு போங்கோ. அதுக்காக விலையில் ஒரு சதமும் குறையாது, நான் கேட்டுப் பார்த்தனான்.